‘செம்மீன்’ படித்தாயிற்று, அடுத்து என்ன செய்யச் சொல்லலாம்?

மண்டபம் பக்கத்துக் கடற்கரை ஊர் ஒன்றில் தமிழ் ஆசிரியையாக இருக்கிறேன். வகுப்பில் பாதிக்கு மேல் கடலை நம்பிப் பிழைக்கிற வீட்டுப் பிள்ளைகள். பிளஸ் ஒன் மாணவர்களுக்கு ஆண்டுக்கு ஒரு நாவல் என்று வைத்துக்கொண்டு சேர்ந்து படிக்கிறோம். படித்து முடித்ததும் ஒரு செயல்திட்டம் கொடுப்பேன். இத்தனை வருடத்தில் பல வகைகளைக் கொடுத்துப் பார்த்துவிட்டேன். வருகிற ஜூனில் மறுபடியும் தகழி சிவசங்கரப் பிள்ளையின் ‘செம்மீன்’. இதே கரையில் வேலை பார்க்கும் ஆசிரியர்கள் இரண்டு பேர், “எதைக் கொடுத்தால் நன்றாக வரும்?” என்று கேட்டார்கள். அவர்களிடம் சொன்னதைக் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

எந்தச் செயல்திட்டமாக இருந்தாலும் நான் முதலில் பார்ப்பது ஒன்றுதான். அதைச் செய்வதற்காகப் பிள்ளை புத்தகத்தை மறுபடி திறக்கிறதா, இல்லை மூடி ஓரமாக வைத்துவிட்டு வேலையை ஆரம்பிக்கிறதா? அதற்கடுத்து, வகுப்பில் எல்லோராலும் செய்ய முடியுமா என்று பார்ப்பேன். சனிக்கிழமை அப்பாவோடு வள்ளத்தில் போகிற பையன் இருக்கிறான். பள்ளி விட்டதும் நேராக வீடு போய்ச் சேரவேண்டிய பெண் இருக்கிறாள். நல்ல போன் இல்லாத வீடும் உண்டு. இன்னொன்றையும் பார்க்கவேண்டும்: எல்லாம் முடிந்த பிறகு யாராவது மனசு புண்பட்டு நிற்கிறார்களா? இதை நான் தாமதமாகத்தான் கற்றேன். அந்தக் கதை கீழே வரும்.

ஏன் ‘செம்மீன்’, நம் கடலைப் பற்றித் தமிழிலேயே நாவல்கள் இருக்கின்றனவே என்று கேட்பார்கள். அவையும் படிக்கவேண்டியவைதான். ஆனால் வகுப்பில் சேர்ந்து பேசுவதற்கு எனக்குக் கொஞ்சம் தூரம் தேவைப்படுகிறது. நம் ஊர்க் கடனையும் சாதியையும் நேராகப் பேச ஆரம்பித்தால் பிள்ளைகள் வாயை மூடிக்கொள்வார்கள். யார் யாருக்குக் கடன்பட்டிருக்கிறார்கள் என்பது ஊருக்கே தெரியும். ஆலப்புழைப் பக்கத்து நீர்க்குன்னம் கரையில் நடப்பதைப் பேசச் சொன்னால் தாராளமாகப் பேசுகிறார்கள். பேசிக்கொண்டே போகும்போது நம் கரையும் தானாக வந்துவிடுகிறது. 1956இல் வந்த மலையாள நாவல். சொந்த வள்ளம் வாங்கத் துடிக்கும் மீனவர் செம்பன்குஞ்ஞு, அவர் மனைவி சக்கி, மகள் கருத்தம்மா, அவளைக் காதலித்து அவள் அப்பாவுக்குப் பணமும் கருவாடும் கொடுத்து இழக்கும் மீன் வியாபாரி பரீக்குட்டி, அவளைக் கல்யாணம் செய்துகொள்ளும் மீனவன் பழனி ஆகியோரின் கதை. 1957இல் சாகித்திய அகாதெமி விருது வாங்கியது. சுந்தர ராமசாமியின் தமிழாக்கம் கிடைக்கிறது. அளவும் பிளஸ் ஒன் பிள்ளை இரண்டு மாதத்தில் படித்து முடிக்கக்கூடியது. ‘வள்ளம்’ என்ற சொல் அங்கேயும் இங்கேயும் ஒன்றுதான் என்று கண்டதும் முதல் வாரத்திலேயே பிள்ளைகளுக்கு ஒரு நெருக்கம் வந்துவிடுகிறது.

சரி, செயல்திட்டங்களுக்கு வருவோம். தெர்மாக்கோல் படகு, சார்ட்டில் கதாபாத்திரப் படம், அட்டையில் செய்த குடிசை ஆகியவற்றை நான் விட்டுவிட்டேன். பார்வையாளர் வரும் நாளில் சுவரில் மாட்ட அழகாக இருக்கும். ஆனால் கதைச் சுருக்கத்தை மட்டும் கேட்ட பிள்ளையும் அதைச் செய்துவிடும். ஒரே ஒரு பையன், தாத்தாவிடம் கேட்டு, பலகை பலகையாக ஒரு சின்ன வள்ளத்தைச் செய்து கொண்டுவந்தான். கைவேலை அவ்வளவு நேர்த்தி. அதை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறேன். ஆனால் அதில் அவன் தாத்தாவின் கரை இருந்ததே தவிர, செம்பன்குஞ்ஞுவின் கரை இல்லை.

அடுத்தது குறும்படம். பிள்ளைகளிடம் வாக்கெடுப்பு நடத்தினால் எப்போதும் இதுதான் ஜெயிக்கும். இங்கே அதற்கு இன்னொரு இழுப்பும் உண்டு, தனுஷ்கோடி. 1964 டிசம்பர் புயலில் இடிந்துபோன தேவாலயச் சுவரும், இரண்டு பக்கமும் கடலும் போனில் பிடித்தாலே சினிமா போல விழும். ஒரு குழு அங்கே போய் ஒன்பது நிமிடத்துக்கு எடுத்து வந்தது. கருத்தம்மா இடிபாட்டுக்குள் நடக்கிறாள், பரீக்குட்டி தூரத்தில் நிற்கிறான், பின்னால் பாட்டு ஓடுகிறது. பேச்சே இல்லை. நாவலில் இல்லாத இடிபாடு எதற்கு என்று கேட்டேன். “நல்லாருக்கும்ல டீச்சர்” என்றார்கள். நன்றாகத்தான் இருந்தது. அதில் வேலை செய்தது மூன்று பேர். மற்ற எட்டுப் பேர் பையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். பெண்களில் இரண்டு பேரை வீட்டில் அனுப்பவே இல்லை. அப்புறம், இந்த நாவலை வைத்து ராமு காரியாட் இயக்கி 1965இல் வந்த படம் ஒன்று இருக்கிறது. குடியரசுத் தலைவரின் தங்கப் பதக்கம் பெற்ற படம். அதைப் பார்த்துவிட்டுப் புத்தகத்தை எடுக்காமலே குறும்படம் எடுக்க முடியும். எடுத்தும் இருக்கிறார்கள்.

படம் எடுக்கிற ஆசையைக் கெடுக்கவேண்டாம் என்று நினைப்பவர்களுக்கு என் யோசனை ஒலி நாடகம். ஒரு போன் போதும். மத்தியான இடைவேளையில் மூடிய வகுப்பறையிலேயே பதிவு செய்துவிடலாம். முகம் தெரியாது என்பதால் வீட்டில் தடையும் குறைவு. முக்கியமாக, கண்ணுக்குக் காட்ட எதுவுமில்லாததால் எல்லாவற்றையும் பேச்சில் கொண்டுவரவேண்டும். அதற்கு உரையாடல் வேண்டும். உரையாடலுக்குப் புத்தகத்தைத் திறந்தாக வேண்டும். எங்கள் பிள்ளைகள் சக்கியையும் செம்பன்குஞ்ஞுவையும் நம் ஊர்ப் பேச்சிலேயே சண்டை போடவைத்தார்கள். ஒரு வரியை எப்படி மாற்றுவது என்று இரண்டு நாள் தகராறு நடந்தது. அந்தத் தகராறுதான் எனக்கு வேண்டியிருந்தது.

பயிற்சி வகுப்புகளில் அதிகம் பரிந்துரைப்பது ‘மாற்று முடிவு எழுதுக’. இதில் எனக்கு நம்பிக்கை போய்விட்டது. ‘செம்மீன்’ மாதிரி ஒரு கதைக்கு மாற்று முடிவு கேட்டால் பத்துக்கு ஒன்பது பேர் கருத்தம்மாவையும் பரீக்குட்டியையும் சேர்த்துவைத்து, பழனிக்கு இன்னொரு பெண்ணைப் பார்த்துக் கொடுத்துவிடுவார்கள். நல்ல மனசுதான். ஆனால் ஏன் அப்படி நடக்கவில்லை, யார் நடக்கவிடவில்லை என்பதை யோசிக்க வேண்டிய இடத்தில் அது ஒரு குறுக்கு வழியாகிவிடுகிறது. அதற்குப் பதிலாக, நாவல் விட்டுவைத்திருக்கும் இடைவெளியை நிரப்பச் சொல்லலாம். கடைசியில் கருத்தம்மாவின் கைக்குழந்தை தங்கை பஞ்சமியிடம் நிற்கிறது. அந்தக் குழந்தைக்குப் பதினைந்து வயதாகும்போது, “என் அம்மா யார்?” என்று கேட்டால் பஞ்சமி என்ன சொல்வாள்? ஊர் சொல்வதைச் சொல்வாளா, தனக்குத் தெரிந்ததைச் சொல்வாளா? பஞ்சமிக்கு என்னென்ன தெரியும், எதை அவள் நேரில் பார்த்தாள், எது அவள் காதுக்கு வரவே இல்லை என்று பிரித்தெடுக்காமல் இந்தக் கடிதத்தை எழுத முடியாது. தனியாக உட்கார்ந்து எழுதுவதால் கூச்சமுள்ள பிள்ளைக்கும் இடம் கிடைக்கிறது. ஒரே ஒரு செயல்திட்டத்துக்குத்தான் நேரம் இருக்கிறது, அதுவும் இரண்டு வாரம்தான் என்றால் இந்தக் கடிதத்தையே கொடுங்கள் என்பேன்.

இனி, மூன்று பெரிய வேலைகள். வழக்கு விசாரணை, பேட்டி, கணக்கு நோட்டு. எனக்கு உண்மையான குழப்பம் இவற்றுக்குள்தான்.

வழக்கு விசாரணையைப் பட்டிமன்றத்தோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. பட்டிமன்றத்தில் பேச்சு வேகமுள்ள நாலு பேர் மேடையைப் பிடித்துக்கொள்வார்கள். கைதட்டல் வாங்கும் வரி நாவலில் இருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை. விசாரணையில் சாட்சி வேண்டும். எங்கள் வகுப்பில் ஒரே ஒரு விதி: பக்க எண் இல்லாத எந்த வாக்கியமும் செல்லாது. எதிர்த்தரப்பு, “எந்தப் பக்கம்?” என்று கேட்டால் காட்டவேண்டும். காட்ட முடியாவிட்டால் அந்தச் சாட்சி இறங்கிவிட வேண்டும். இந்த ஒரு விதி வாசிப்பில் செய்த மாற்றத்தை வேறு எதுவும் செய்யவில்லை. பென்சிலால் அடிக்கோடு போடாத பிரதியே இல்லை என்றாகிவிட்டது. தகழியே அம்பலப்புழையில் வழக்கறிஞராக இருந்தவர் என்று சொன்னபோது பிள்ளைகளுக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது.

முதல் தடவை நான் தேர்ந்தெடுத்த வழக்குதான் தப்பு. நாவலின் நடுவில் அந்தக் கரையின் நம்பிக்கை ஒன்று நிற்கிறது. கரையில் இருக்கும் மனைவி நெறி தவறாமல் இருந்தால்தான் கடலுக்குப் போன கணவன் திரும்புவான். தவறினால் கடலம்மா அவனை எடுத்துக்கொள்வாள். “பழனியின் சாவுக்குக் கருத்தம்மா பொறுப்பா?” என்று வழக்கு வைத்தேன். நம்பிக்கையைத்தான் கூண்டில் ஏற்றுகிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கூண்டில் ஏறியது கருத்தம்மாவாக நடித்த பெண்தான். குறுக்கு விசாரணையில் பையன்கள் கேட்ட கேள்விகள் நாவலின் கேள்விகளாக இல்லை. தெருவின் கேள்விகளாக இருந்தன. வழக்கு முடிந்தும் கேலி முடியவில்லை. அவளை ஒரு மாதம் அந்தப் பெயரைச் சொல்லியே கூப்பிட்டார்கள். அவள் அம்மா வந்து என்னிடம் சத்தம் போடவில்லை. “டீச்சர், அவளை இனிமே இதுல எல்லாம் சேக்க வேண்டாம்” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். நீர்க்குன்னம் கரை கருத்தம்மாவுக்குச் செய்ததை என் வகுப்பறை அந்தப் பிள்ளைக்குச் செய்தது. அதற்குக் காரணம் நான் வைத்த கேள்வி. அன்றிலிருந்து யாருடைய ஒழுக்கமும் என் வகுப்பில் வழக்காவதில்லை.

அடுத்த ஆண்டு வழக்கை மாற்றினேன். வாதி பரீக்குட்டி, பிரதிவாதி செம்பன்குஞ்ஞு. கோரிக்கை, கொடுத்த பணத்தையும் கருவாட்டின் விலையையும் திருப்பித் தரவேண்டும். விசாரணையின் நிறமே மாறிவிட்டது. எழுத்து உண்டா? இல்லை. சாட்சி யார்? ராத்திரியோடு ராத்திரியாகக் கருவாட்டைச் சுமந்த சக்கிக்குத் தெரியும்; ஆனால் அவள் பிரதிவாதியின் மனைவி. கருத்தம்மாவுக்கும் தெரியும், அவள் பிரதிவாதியின் மகள். இந்த முறை அவள் கூண்டில் குற்றவாளியாக அல்ல, உண்மை தெரிந்த சாட்சியாக நின்றாள். அப்பாவுக்கு எதிராகப் பேசுவாளா என்று வகுப்பே மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தது. கைமாற்றுக் கடனுக்கு மூன்று ஆண்டுக்குள் வழக்குப் போடவேண்டும் என்று ஒரு பையன் எங்கோ கேட்டு வந்தான். உடனே, கதை தொடங்கி எத்தனை நாள் ஓடியிருக்கிறது என்று கணக்குப் போட ஆரம்பித்துவிட்டார்கள். கல்யாணம், குழந்தை, மழைக்காலங்கள் என்று எண்ணி எண்ணி முழு நாவலையும் புரட்டினார்கள். கருத்தம்மாவின் கதை அதில் காணாமல் போகவும் இல்லை. பணம் ஏன் எழுத்தில்லாமல் கைமாறியது என்று கேட்கும்போது காதல் தானாக வெளியே வந்தது.

குறை என்னவென்றால், விசாரணையில் வக்கீலும் சாட்சியுமாகப் பத்துப் பன்னிரண்டு பேருக்குத்தான் வேலை. மீதிப் பேர் பார்வையாளர். நடுவர் குழு என்று உட்காரவைத்தாலும் அரைமணி நேரத்தில் கவனம் போய்விடும்.

பேட்டி. மனசளவில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். அதனாலேயே இதில் கூடுதல் எச்சரிக்கையாக இருக்கிறேன். சக்கி மகளுக்குச் சொல்லும் பழங்கதை ஒன்று நாவலில் வருகிறது. முதன்முதல் கட்டையில் ஏறிக் கடலுக்குப் போன மீனவன் அலையோடும் சுறாவோடும் போராடித் திரும்பியது எப்படி? கரையில் அவன் பெண்டாட்டி மேற்கே பார்த்து நின்று வேண்டிக்கொண்டிருந்தாள், அதனால்தான். இந்தப் பகுதியை அச்சிட்டுக் கொடுத்து, வீட்டில் உள்ள மூத்த பெண்களுக்கு வாசித்துக் காட்டி, அவர்கள் சொல்வதை எழுதிவரச் சொன்னேன். வேறு கேள்வி எதுவும் கிடையாது. ‘உங்கள் வாழ்க்கையைப் பற்றிச் சொல்லுங்கள்’ என்று ஆரம்பித்தால் கஷ்டங்களின் பட்டியல்தான் வரும், நாவல் காணாமல் போய்விடும். வாசித்துக் காட்டினால் பேச்சு நாவலோடு மோதுகிறது.

இந்தக் கரையில் அது எப்படி மோதும் என்று யோசித்துப் பாருங்கள். பாம்பன் சின்னப்பாலத்திலும் மண்டபம் பக்கத்து ஊர்களிலும் பெண்கள் தலைமுறை தலைமுறையாகக் கடற்பாசி எடுக்கக் கடலுக்குள் போகிறார்கள். கண்ணில் கண்ணாடி, விரல்களில் சுற்றிய துணி, காலில் செருப்பு, இடுப்பில் வலைப்பை. மூச்சை அடக்கி முங்கிப் பாறையிலிருந்து பிய்த்து எடுக்கவேண்டும். மாதத்தில் இத்தனை நாள்தான் எடுப்பது என்று தாங்களே கட்டுப்பாடு வைத்துக்கொண்டவர்கள். அவர்களில் ஒருவரான லட்சுமி மூர்த்திக்கு 2015இல் சீகாலஜி என்ற சர்வதேசப் பரிசு கிடைத்தது. இவர்களிடம் போய், ‘பெண் கரையில் நின்று வேண்டிக்கொண்டாள்’ என்று வாசித்தால் என்ன வரும்? ஒரு மாணவியின் அப்பத்தா முழுவதையும் கேட்டுவிட்டு, “நான் முங்குறப்ப எனக்காகக் கரையில யாரு நின்னா?” என்று கேட்டிருக்கிறார். அந்தப் பெண் அதை அப்படியே எழுதிவந்தாள். அந்த ஒரு வரியை வைத்து இரண்டு பாட வேளை பேசினோம். எல்லோரும் அப்படிச் சொல்லவும் இல்லை. “அது நெசந்தான், வீட்டுக்காரர் கடலுக்குப் போயிருக்கும்போது நாங்க இன்னும் சில காரியம் செய்யமாட்டோம்” என்று சொன்ன பெரியவர்களும் உண்டு. அதையும் மதிப்போடு எழுதச் சொன்னேன். நம்புகிறவரைக் கேலி செய்வதற்காகப் பேட்டி எடுக்கவில்லை.

ஆனால் சிக்கல்கள் உண்டு. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. தீவுப் பக்கம் போவது பற்றி வனத்துறையின் கட்டுப்பாடுகள் இருக்கின்றன. எந்தத் தீவு, எந்தப் பாறை, எத்தனை கிலோ என்று ஒரு பிள்ளை ஆர்வத்தில் எழுதிவிட்டால் நாளைக்கு அது யாருக்காவது தொல்லையாக முடியலாம். அதனால் இடம், பெயர், அளவு மூன்றும் எழுதக் கூடாது என்று முன்னாலேயே சொல்லிவிடவேண்டும். ஆண்களைப் பேட்டி எடுப்பதென்றால் நாள் பார்க்கவேண்டும். பாக் நீரிணைப் பக்கம் விசைப்படகுகள் போவது திங்கள், புதன், சனி. மற்ற நாட்கள் நாட்டுப்படகுக்கு. கடலுக்குப் போய்வந்த மனிதரை எழுப்பி உட்காரவைத்து நாவல் வாசித்துக் காட்ட முடியாது. மீன்பிடித் தடைக்காலத்தில் எல்லோரும் கரையில் இருப்பார்கள். அப்போது பள்ளி விடுமுறை. கடலோடு தொடர்பில்லாத வீட்டுப் பிள்ளைகள் நாலைந்து பேர் எல்லா வகுப்பிலும் உண்டு. அவர்கள் யாரிடம் போவார்கள்? இலங்கைக் கடற்படை பிடித்துப்போய் அப்பா திரும்பி வராமல் இருக்கும் வீட்டில், பிள்ளை எந்தப் பகுதியை எடுத்து வாசிக்கும்?

இதில் இன்னொன்றையும் சொல்லவேண்டும். பழனி சுறாவைத் தூண்டிலில் பிடித்துக்கொண்டு ராத்திரியில் கடலோடு போராடும் கடைசி அத்தியாயம் உலகத்தில் எந்த வாசகருக்கும் இலக்கியம். எங்கள் வகுப்பில் சிலருக்கு அது வீட்டில் நடந்த சம்பவம். ஒரு மாணவன் அந்த அத்தியாயத்துக்கு முன்னால் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டான். ஏன் என்று கேட்கவில்லை. எனக்குத் தெரியும். இப்போதெல்லாம் நாவலை ஆரம்பிக்கும் முன்பே, கதை கடலில் ஒரு சாவோடு முடியும் என்று சொல்லிவிடுகிறேன். கதையின் முடிவைச் சொன்னால் சுவை போய்விடாதா என்று ஒரு நண்பர் கேட்டார். போகவில்லை. கடைசி அத்தியாயத்தைத் தொடாமலே எல்லா வேலையையும் செய்யும்படி வைத்திருக்கிறேன். எந்தச் செயல்திட்டத்தைத் தேர்ந்தெடுத்தாலும் இதை மட்டும் தயவுசெய்து யோசித்துக்கொள்ளுங்கள்.

கணக்கு நோட்டு. இதைக் கண்டுபிடித்தது நான் இல்லை, ஒரு மாணவி. விசாரணைக்காகக் கடன் விவரங்களைக் குறித்துவந்தவள், பணத்தோடு நிற்காமல் மற்றதையும் எழுதியிருந்தாள். அதைப் பார்த்துத்தான் முறைப்படுத்தினேன். ஆளுக்கு ஒரு நாற்பது பக்க நோட்டு. ஒரு கதாபாத்திரத்தை எடுத்துக்கொள்ளவேண்டும். அவர் யாருக்கு என்ன பட்டிருக்கிறார், அவருக்கு யார் என்ன பட்டிருக்கிறார்கள் என்று பக்கம் பக்கமாக எழுதவேண்டும். கட்டம் போட்டுக்கொள்வோம்: பக்க எண், யார் யாருக்கு, என்ன, எழுத்தில் உண்டா வாய்ச்சொல்லா, தீர்ந்ததா. ‘என்ன’ என்ற கட்டத்தில் பணமும் வரலாம், கருவாடும் வரலாம், வாக்கும் வரலாம், அவமானமும் வரலாம்.

இந்தக் கரைப் பிள்ளைகளுக்கு இது சொல்லித்தர வேண்டியதில்லாத மொழி. வலைக்கும் எஞ்சினுக்கும் வியாபாரியிடம் முன்பணம் வாங்குவது, வாங்கியவரிடமே மீனைப் போடவேண்டியிருப்பது, அவர் சொல்வதே விலையாவது, பிடித்தம் போக மிச்சம் கைக்கு வருவது என்று எல்லாம் வீட்டில் தினம் கேட்கிற பேச்சு. அதனால்தான் நாவலில் அது தலைகீழாக இருப்பது அவர்கள் கண்ணில் உடனே பட்டது. “டீச்சர், இங்க கடன் குடுத்தவர் கையிலதான் படகுக்காரர் இருப்பாரு. இதுல கடன் குடுத்த பரீக்குட்டி அழிஞ்சு போறான், வாங்குன ஆளு படகுக்காரனாயிடுறாரு. எப்படி?” நான் பதில் சொல்லவில்லை. தேடச் சொன்னேன். வட்டிக்குக் கொடுக்கும் ஔசேப்பு மாதிரியான ஆள் கொடுப்பதற்கும் பரீக்குட்டி கொடுப்பதற்கும் என்ன வித்தியாசம் என்று எழுதிவந்தார்கள். ஒருவன் படகைப் பார்த்துக் கொடுக்கிறான். இன்னொருவன் பெண்ணைப் பார்த்துக் கொடுக்கிறான். எழுத்து வாங்கியிருந்தால் அது காதலாக இருந்திருக்காது, வாங்காததால் அது கடனாகவும் நிற்கவில்லை என்று ஒரு பையன் எழுதினான். நான் அதுவரை யோசிக்காத இடம் அது.

பரீக்குட்டியைக் கருத்தம்மா கூப்பிடுவது ‘கொச்சு முதலாளி’, அதாவது சின்ன முதலாளி என்றுதான். கடன் கணக்கோடு படிக்காவிட்டால் அந்தச் சொல் வெறும் செல்லப்பெயராகக் கடந்துபோகும். கணக்கோடு படித்தவர்கள், அவன் எல்லாவற்றையும் இழந்த பிறகும் அவள் ‘முதலாளி’ என்கிற இடத்தைச் சுட்டிக் காட்டினார்கள்.

பணம் அல்லாத பதிவுகள்தான் இன்னும் நன்றாக வந்தன. சக்கி சாகும் தறுவாயில் பரீக்குட்டியிடம், என் மகளுக்கு நீ அண்ணனாக இருக்கவேண்டும் என்று கேட்கிறாள். அதை ஒருத்தி, ‘பரீக்குட்டி சக்கிக்கு: ஒரு வாக்கு. வாய்ச்சொல். தீரவில்லை’ என்று எழுதினாள். கல்யாணத்தன்று அம்மா விழுந்து கிடக்கும்போது புருஷனோடு கிளம்பிப் போன கருத்தம்மாவுக்கு, ‘அம்மாவிடம் பட்டது: கடைசி நேரம்’ என்று இன்னொருத்தி. பழனியை எடுத்துக்கொண்ட பையன் முதல் வாரம் முறையிட்டான், “அவனுக்கு அப்பா அம்மா யாரும் இல்ல, எழுத ஒண்ணுமே இல்ல டீச்சர்.” எழுத ஒன்றுமில்லாததையே எழுது என்றேன். பிறகு கல்யாணத்தில் பெண்ணுக்கான பணம் பற்றி எழும் தகராறு, கூட்டாளிகள் அவனைப் படகில் சேர்க்காமல் ஒதுக்கியது என்று பக்கங்கள் நிரம்பின. யாருக்கும் கடன்படாத ஒரே ஆள் தனியாகக் கடலுக்குப் போகவேண்டியதாகிறது என்பதை அவனே கண்டுபிடித்தான்.

குறைகளும் இருக்கின்றன. காட்சிக்கு ஒன்றுமில்லை. தலைமையாசிரியர் கேட்டால் காட்டுவதற்கு ஒரு கட்டு நோட்டுதான். திருத்த நேரம் எடுக்கும். முப்பது நோட்டு என்றால் எனக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமை போய்விடும். எல்லாவற்றையும் கடனாகவே பார்க்கும் பழக்கமும் வந்துவிடலாம். அன்பு காட்டுவதைக்கூடக் கணக்கில் ஏற்றிவிடுகிறார்கள். நாவலில் கடலின் வர்ணனை, ஆலப்புழைப் பக்கத்துக் கடல் அமைதியாகி மீன் குவியும் சாகரைக் காலத்தின் மகிழ்ச்சி, கருத்தம்மாவின் சிரிப்பு இதெல்லாம் எந்தக் கட்டத்திலும் அடங்காது. அதற்காகக் கடைசிப் பத்துப் பக்கத்தைக் கட்டம் போடாமல் விடச் சொல்கிறேன். அதில் பிடித்த வரிகளை எழுதலாம், படம் வரையலாம். நம் கடலையும் எழுதலாம். சாகரை இங்கே இல்லை. ஆனால் தென்மேற்குக் காற்றான கச்சான் அடிக்கும்போது தென்கடல் (மன்னார் வளைகுடா) பொங்குவதும், வாடை தொடங்கியதும் வடகடல் (பாக் நீரிணை) கொந்தளிப்பதும், அதற்கேற்ப வள்ளத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாற்றிப் போடுவதும் இருக்கின்றனவே.

மற்றபடி நோட்டு எல்லோருக்கும் பொருந்துகிறது. சனிக்கிழமை கடலுக்குப் போகிறவனும் ஞாயிற்றுக்கிழமை எழுதலாம். வெளியே போகத் தேவையில்லை, போன் தேவையில்லை, மேடை ஏறவேண்டியதில்லை. ஒரு பதிவுக்கு ஒரு பக்க எண் என்பதால் புத்தகத்தை மூடவே முடியாது. வீட்டுக் கடனை யாரும் எழுதவேண்டியதில்லை. எழுதக் கூடாது என்றும் சொல்லிவிடுகிறேன்.

அதனால் இந்த ஆண்டு என் முடிவு இப்படி. எல்லோருக்கும் கணக்கு நோட்டு. ஜூன் கடைசியில் ஆரம்பித்து, காலாண்டுத் தேர்வுக்கு முன் முடியும். தேர்வு முடிந்த பிறகு, அந்த நோட்டுகளையே ஆவணமாக வைத்துப் பரீக்குட்டி–செம்பன்குஞ்ஞு வழக்கு. முன்பு வேடிக்கை பார்த்த பிள்ளைகளின் நோட்டும் இப்போது சாட்சியமாகும், கூப்பிட்டால் எழுந்து வாசிக்கவேண்டும். வடகிழக்குப் பருவமழைக்கு விடுமுறை விடத் தொடங்கும் முன்பே முடித்துவிட நினைக்கிறேன். அப்பத்தாவிடம், அம்மாவிடம் வாசித்துக் காட்டும் பேட்டியை விருப்பமுள்ளவர்கள் மட்டும் செய்யலாம், மதிப்பெண் கிடையாது. மதிப்பெண் என்றால் கட்டாயமாகிவிடும். கடைசி அத்தியாயம் வேண்டாம் என்கிற பிள்ளைக்குப் பஞ்சமியின் கடிதம். குறும்படம் கேட்டு வருகிறவர்களுக்கு ஒலி நாடகம். அவர்கள் கொஞ்சம் முகம் வாடத்தான் செய்வார்கள்.

என்னை மாதிரி முப்பது பேர் இல்லாமல் அறுபது பேரை வைத்துக்கொண்டிருக்கும் ஆசிரியர்கள் வழக்கை விட்டுவிட்டு நோட்டோடு நின்றுகொள்ளலாம். பத்துப் பேர் மட்டும் உள்ள நூலக வாசிப்பு வட்டமென்றால் பேட்டியையே முதலில் எடுக்கலாம்; அங்கே ஒவ்வொரு வீட்டையும் தெரிந்துவைத்துக்கொண்டு செய்ய முடியும். ராமநாதபுரம் டவுனில் கடலைப் பார்க்காத பிள்ளைகள் நிறைய இருக்கும் வகுப்புக்கு இந்த நோட்டு இதே வேகத்தில் வேலை செய்யுமா என்பது சந்தேகம். அங்கே முன்பணம், ஏலம், பிடித்தம் எல்லாவற்றையும் முதலில் விளக்கவேண்டியிருக்கும். அவர்களுக்கு ஒலி நாடகம் நல்ல தொடக்கம்.

நூலகத்தில் ஒன்பது பிரதிகள் இருக்கின்றன. மூன்று பேருக்கும் நாலு பேருக்கும் ஒன்று என்று பிரித்துக்கொள்வோம். முதல் பதிவை மட்டும் கரும்பலகையில் நானே எழுதிக் காட்டுவேன். காதல் கதை என்று கேள்விப்பட்டு வரும் பிள்ளைகளுக்கு, கருத்தம்மாவும் பரீக்குட்டியும் நாவலில் முதன்முதல் பேசிக்கொள்வதே அப்பா வாங்கப்போகும் வள்ளத்தையும் வலையையும் பற்றித்தான் என்பது ஆச்சரியமாக இருக்கும். பணம் தருவாயா என்று அவள் கேட்கிறாள், மீனை எனக்கே தருவீர்களா என்று அவன் கேட்கிறான், இருவரும் சிரிக்கிறார்கள். பக்க எண் எழுதி, ‘கருத்தம்மா, பரீக்குட்டியிடம்: வள்ளத்துக்கும் வலைக்கும் பணம். கேட்டது சிரித்துக்கொண்டே. வாய்ச்சொல்’ என்று எழுதுவேன். ‘தீர்ந்ததா’ என்ற கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டு சாக்பீஸைக் கீழே வைப்பேன்.